209 முதல் 224 வரை

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது 208 என்ற எண். கைபேசித் திரையில் ஒரு பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மார்கழிப் பனி. இரும்புலியூர் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. ஜி.எஸ்.டி. சாலையில் போகும் லாரிகள் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் காலையிலும் அதே 208தான்.

அந்த எண் எனக்கு எப்படிப் பழக்கமானது என்று சொல்ல வேண்டும். புத்தகம் படிக்கிறவர்களுக்கான ஓர் இணையதளத்தில் நான் இருக்கிறேன். ஆளுக்கு மூன்று அலமாரி: படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, வேண்டுபவை. நடு அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு எதிரே, எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தினமும் குறிக்கலாம். வேண்டாத புத்தகத்தை மாற்றுக்குப் போடலாம். ஒன்று கொடுத்தால் ஒன்று கேட்கலாம். கொடுத்த பிறகும் அந்தப் புத்தகம் நம் கண்ணை விட்டுப் போவதில்லை. புதிய கையில் அது எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று ஒரு பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும்.

நான் கொடுத்த நாவல் திருநீர்மலையில் ஒரு பள்ளி ஆசிரியையிடம் இருந்தது. தாம்பரம் பேருந்து நிலையத்தில் இரண்டே நிமிடத்தில் கைமாறிய புத்தகம். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத்தின் அளவைப் பார்த்தார். "சத்தமா வாசிக்கணும் மேடம், அதான்," என்றார். கணவருக்கு விழித்திரை அறுவை. கண்ணுக்குள் காற்றுக் குமிழ் ஒன்றைச் செலுத்தியிருக்கிறார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால், ஆள் பதினான்கு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினால் ஒட்டியது பிரிந்துவிடலாம். இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். கணவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர். ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, ஆசிரியை புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

அதிகாலையில் இருபது பக்கம், மாலையில் இருபது பக்கம். 44, 85, 126, 167, 208. ஐந்து நாளாக எழுந்தவுடன் அந்த எண்ணைத்தான் பார்த்தேன். திருநீர்மலையில் விளக்கெரிகிற ஓர் அறை, தரையில் உட்கார்ந்து வாசிக்கும் குரல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கும் காது என்று ஒரு காட்சி பனிக்குள் தானாக உருவாகும். ஆறாம் நாள் எண் நகரவில்லை.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆசிரியையின் செய்தி வந்தது.

"மேடம், வணக்கம். 208க்கு அப்புறம் மறுபடி 193 வருகிறது. அது 208 வரை போய், நேராக 225க்குத் தாவிவிடுகிறது. 209 முதல் 224 வரை இல்லை. நேற்று மாலை இவர் நம்பாமல் இரண்டு முறை தலையைத் தூக்கி, காட்டு காட்டு என்றார். பயமாக இருக்கிறது. நீங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், சமாளித்துக்கொள்வேன்."

என்ன நடந்திருக்கிறது என்று படித்த அடுத்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம். பைண்டிங்கில் பதின்மூன்றாம் பாரத்தை இரண்டு முறை அடுக்கி, பதினான்காம் பாரத்தை விட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் பத்திரிகையில் இருப்பவளுக்கு அது புதிதில்லை. நாவலில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது.

நான் அந்த நாவலைப் படித்ததில்லை.

ஞாயிறு இணைப்பில் நூல் அறிமுகப் பகுதி என் பொறுப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. வாரத்துக்கு ஆறு புத்தகம், ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பது சொல். செவ்வாய் மாலைக்குள் பக்கம் முடிய வேண்டும். எங்கள் மேசையில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். முன்னுரை, முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம். நடுவில் கட்டைவிரல் போன போக்கில் ஒரு பக்கம். அதைத் தவறு என்று யாரும் நினைத்ததில்லை. பல வருடம் கழித்து இந்தத் தளத்தில் சேர்ந்தபோது, ஒரு மழை வாரத்தில் உட்கார்ந்து பழைய அறிமுகங்களை எல்லாம் ஏற்றினேன். ஏற்றிய ஒவ்வொன்றும் "படித்தவை"யில் போய் உட்கார்ந்தது. என் பெயருக்குக் கீழே 612 என்ற எண் வந்தது. மாற்றுக்குப் போட்டபோது, எல்லாப் பக்கங்களும் உள்ளனவா என்று தளம் கேட்டதற்கு, ஆம் என்று குறித்ததும் நானே.

காபியோடு வந்த என் கணவர், என் தோளுக்கு மேலாகச் செய்தியைப் படித்தார். வங்கியில் வேலை பார்த்தவர். அவர் படிப்பது பேப்பர் மட்டும்தான்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டிருக்கே? ஏதாவது ஒண்ணு சொல்லு. கதைதானே."

"என்னன்னு சொல்றது?"

"அவ போறா, வரா, அழறா. பதினாறு பக்கத்துல வேற என்ன நடக்கும்? நீ பேப்பர்ல எழுதாததா?"

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குளிக்கப் போன பிறகு நான் தட்டச்சத் தொடங்கிவிட்டேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், தன் பங்கைக் கேட்க அண்ணன் ஊருக்குப் படகில் கிளம்புகிறாள். அது முதல் அத்தியாயம். கடைசி அத்தியாயத்தில் அதே படகில் திரும்பி வருகிறாள். நடுவில் படகுக்காரனோடு ஒரு சண்டை, ஒரு புயல், அண்ணன் அனுப்பிய ஆள் ஒருவன் என்று நான்கு வரி தானாக வந்துவிட்டது. வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. 225ஆம் பக்கத்தில் அந்தப் புயலின் சுவடு இல்லாவிட்டால் நடத்துனர் மறுபடி தலையைத் தூக்குவார் என்று தோன்றியது. அழித்தேன். "மாலைக்குள் அந்தப் பக்கங்களையே அனுப்புகிறேன்," என்று எழுதினேன்.

தளத்தில் தேடியபோது அந்த வட்டாரத்தில் இன்னொரு பிரதி இருந்தது. பம்மலில். எதிரே "மாற்றுக்கு இல்லை" என்ற குறிப்பு.

"உங்கள் பிரதியில் 209 இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இரண்டு நிமிடத்தில் பதில். "இருக்கே. ஏன் கேக்குறீங்க?"

விவரத்தைச் சொன்னேன். "வாங்க மேடம். ஆனா புக்கு கடையை விட்டு வெளிய வராது, இப்பவே சொல்லிட்டேன்."

அன்று எனக்கு வார விடுமுறை. பல்லாவரம் வரை பேருந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பனி விலகியிருந்தாலும் வெயில் இன்னும் கெட்டியாகவில்லை. பம்மல் சாலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கியபடி தாழ்ந்து போயின. ஒவ்வொரு முறையும் ஒரு நிழல், மளிகைக் கடை, மெக்கானிக் ஷெட், பள்ளிச் சுவர் என்று வரிசையாக எல்லாவற்றையும் தடவிக்கொண்டு ஓடியது. ஆட்டோவில் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பெல்ட் பட்டறை. இரண்டு தையல் இயந்திரம், சுவரோரம் தோல் சுருள்கள், பசை வாசனை. உரிமையாளருக்கு நாற்பது வயது இருக்கும். தெருவில் எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மேல் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அதற்கு அவரே தோலில் உறை தைத்துப் போட்டிருந்தார்.

"நீங்க தொட வேணாம், நானே திருப்புறேன். நீங்க படம் எடுங்க," என்றார். பதினாறு பக்கம் என்றால் எட்டுப் படம் என்று நினைத்திருந்தேன். ஒற்றைப்படை எண்கள் வலப்பக்கம் வருவதால் ஒன்பது ஆனது. ஒவ்வொரு திருப்பலுக்கும் அவர் கண் வரிகளில் போய் நின்றது. நான் படம் எடுத்த பிறகும் உடனே திருப்பவில்லை.

"உங்க பேரைப் பாத்ததும் தெரிஞ்சுது மேடம். நீங்க எழுதுனதைப் பாத்துட்டுத்தான் நான் இதைத் தேடிப் புடிச்சேன். எட்டு மாசம் தேடுனேன். வீட்ல எல்லாரும், பொண்ணு பாக்குற மாதிரி அலையுறியேன்னு கிண்டல்."

"அப்படியா."

"எனக்கு இந்தப் பதினாறு பக்கம்தான் புக்கே. இதுக்காகத்தான் யார் கேட்டாலும் தர்றதில்ல. உங்களுக்கு இதுல எது ரொம்பப் புடிச்சுது?"

இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரும் என்னைப் பார்த்தார்.

"எல்லாமே," என்றேன்.

"அதானே!" என்றார் பாய். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். டீ வரவழைத்தார்.

டீ குடிக்கும்போது ஆசிரியையின் செய்தி வந்தது. பள்ளி இடைவேளையில் அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஃபோன் செய்தாராம். கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து, அதட்டிப் படுக்க வைத்தாராம். "நான் வர நாலரை ஆகும் மேடம். கதையை மட்டும் இவருக்கு ஃபோனில் சொல்ல முடியுமா?"

"நேரிலேயே போய்ப் படித்துக் காட்டுகிறேன்," என்று பதில் போட்டேன். பம்மலிலிருந்து திருநீர்மலை ஒரு ஷேர் ஆட்டோ தூரம். படங்களைப் பார்க்காமலேயே உட்கார்ந்திருந்தேன். சாலைத் திருப்பத்தில் மலையும் மேலே கோயிலும் மிச்சமிருந்த மூட்டத்தில் பாதி தெரிந்தன. ஏதோ ஒன்று தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தது.

கதவு சாத்தியிருக்கும், தள்ளுங்கள் என்று ஆசிரியை எழுதியிருந்தார். தள்ளினேன். கட்டிலின் ஓரத்தில் இரண்டு தலையணைக்கு நடுவே இருந்த இடைவெளியில் முகத்தைப் பதித்து ஒருவர் படுத்திருந்தார். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தார். அவருக்குத் தெரிவது ஒரு முழம் தரை மட்டும். அந்தத் தரையில் என் கால் போய் நின்றது.

"மெட்டியைப் பாத்தா நம்ம வூட்டம்மா இல்ல. யாரு?"

"புத்தகம் கொடுத்தவங்க."

"அட, பதினாறு பக்கத்தை முழுங்குனவங்களா? வாங்கோ, குந்துங்கோ. மூஞ்சி பாத்துப் பேச முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்கோ."

"எழுந்து உட்கார்ந்தீங்களாமே."

"இன்னா பண்றது மேடம்? இருபத்தெட்டு வருசம் நின்னுக்கினே போனவன். படுத்துக்கினு தரையைப் பார்ரான்னா?" பேசும்போது குரல் தலையணைக்குள் போய் வந்தது. "கண்ணுக்குள்ள காத்தடிச்சு வுட்டுக்கிறாங்கோ. ஏரி மாதிரி ஒண்ணு உள்ள ஆடிக்கினே கீது. மொதல்ல பயமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு படகுல ஏறுச்சு பாருங்கோ, அப்பறம் ரெண்டும் ஒண்ணா ஆட ஆரம்பிச்சுது. நல்லா இருந்துச்சு. நேத்து பாதியில நின்னுபோச்சு. அதுலேர்ந்து ஒரே பேஜாரா கீது."

தரையில் உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தேன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றியிருக்கிறது. படகு சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்கிறான் படகுக்காரன். அவள் பலகையில் படுக்கிறாள். மழை தொடங்குகிறது. ஒரு நாரை வந்து நிற்கிறது. அவள் தூங்குகிறாள். நான் புயலுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் அனுப்பிய ஆளுக்காக, ஒரு சத்தத்துக்காக. பத்தியின் முடிவு நெருங்கும்போதெல்லாம் என் குரல் வேகம் எடுத்து, அடுத்த பத்தியிலும் மழையே பெய்ததால் தொய்ந்தது. அவள் விழிக்கிறாள். நாரை இடம் மாறியிருக்கிறது. மறுபடி தூங்குகிறாள்.

216ஆம் பக்கத்தில் நடத்துனர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். விசில் ஊதுவதற்கு முந்தின அசைவு.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க இத்த இப்பதானே படிக்கிறீங்கோ?"

நான் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

"தெனம் வர்ற ஆளு கண்ணை மூடிக்கினு தூங்குவான். கரெக்டா அவன் ஸ்டாப்புல எழுந்துப்பான். புதுசா வர்றவங்கோ ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் குனிஞ்சு ஜன்னல்ல பாப்பாங்கோ. நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கினே வரீங்கோ."

"ஆமா," என்றேன். "முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும்தான் படிச்சேன்."

"நடுவுல ஏறவே இல்ல?"

"இல்ல."

"ஆனா டிக்கெட்டு மட்டும் முழு ரூட்டுக்கும் கிழிச்சு வெச்சுக்கிறீங்கோ. அஞ்சு ஸ்டார் வேற. எங்க டீச்சரம்மா உங்கள நம்பித்தான் வாங்கியாந்துச்சு."

அவர் தோள்கள் குலுங்கின. நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடமா என்று தெரியவில்லை. உடனே அவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்க வெக்காதீங்கோ, தலை ஆடுது. படிங்கோ. மெதுவா படிங்கோ. இந்த ஸ்டாப்புல ஒண்ணும் நடக்கப் போறதில்ல, எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

216ஐ முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். இந்த முறை எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு விமானம் மேலே போனது. அறை ஒரு நொடி இருண்டு வெளுத்தது. நாவலில் நீர் ஒரு விரல் ஏறியது. படகு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியது, மறுபடி உட்கார்ந்தது. அவள் தூக்கத்திலேயே கையை நீட்டி மழையைத் தொட்டாள். எங்கோ குக்கர் விசில். வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தி, கொஞ்ச நேரம் நின்று, எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் ஒரு வெள்ளை வேட்டி நிரம்பி நிரம்பி அடங்கியது. அது நாவலில் வருகிறதா வெளியே நடக்கிறதா என்று ஓரிடத்தில் எனக்குக் குழம்பியது. 224இன் கடைசி வரியில் படகு மிதக்கத் தொடங்கியது.

நடத்துனர் எப்போது தூங்கினார் என்று கவனிக்கவில்லை. முகம் தலையணை இடைவெளியில் பதிந்தபடியே இருந்தது. ஒரு கையின் விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கின. மணி மூன்று நாற்பது. ஆசிரியை வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். "பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல மேடம்," என்று கிசுகிசுத்தார். நாவலை நான் படித்திருக்கவில்லை என்று அவரிடமும் சொன்னேன். அவர் பைக்குள் கைவிட்டுப் பசை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "ஜெராக்ஸ் கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்," என்றார்.

இருவரும் போய் ஒன்பது படத்தையும் அச்செடுத்தோம். அவர் பள்ளிப் பையிலிருந்து பசையை எடுத்து, 208க்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஒட்டினார். இரண்டாவது தடவை வந்த 193ஐக் கிழிக்கவில்லை.

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து, அந்த நாவலை "படித்தவை"யிலிருந்து எடுத்தேன். உங்கள் நட்சத்திரங்களும் விமர்சனமும் நீங்கிவிடும், சம்மதமா என்று தளம் கேட்டது. அழுத்தினேன். 611. பம்மல் பாய்க்கும் எழுதினேன். எல்லாமே பிடித்தது என்று காலையில் சொன்னபோது அந்தப் பதினாறில் நான் ஒரு பக்கமும் படித்திருக்கவில்லை, இப்போது அந்தப் பதினாறும் படித்துவிட்டேன், நாரை இடம் மாறுவது பிடித்தது என்று. படித்துவிட்டார் என்ற நீலக் குறி வந்தது. பதில் மூன்று நாள் கழித்து வந்தது. "நாரை எனக்கும்."

மறுநாள் காலை பச்சைப் புள்ளி 265இல் இருந்தது. பிறகு 306, 347, 388. பதினோராம் நாள் 412இல் புத்தகம் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் ஐந்து ஐம்பதுக்குப் பார்த்தபோது எண் 44 என்று காட்டியது. முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் ஆசிரியை செய்தி அனுப்பினார். டாக்டர் பார்த்தார், ஒட்டிக்கொண்டது, இனி நிமிர்ந்து உட்காரலாம் என்று. நிமிர்ந்ததும் கணவர் முதலில் கேட்டது ஃபேன் ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்பது.

அன்று அந்த நாவலை "வேண்டுபவை"யில் சேர்த்தேன். தளம் வழக்கம்போல வட்டாரத்தில் தேடிக் காட்டியது. பிரதிகள் இரண்டு. ஒன்று பம்மல், ஒன்று திருநீர்மலை. இரண்டுக்கும் எதிரே, மாற்றுக்கு இல்லை.